பேச்சியின் கம்மல்

1

ஊரில் ஆவணி முகூர்த்தங்கள் நடந்துகொண்டிருந்த சமயம். இங்கே, உலகத்தின் தென்கோடியில் இருக்கும் வெலிங்டனில், குளிர்காலம் போக மனமில்லாமல் வாசலில் நின்றது. ஒரு சனிக்கிழமை என் மகள் நிவி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பழைய ரேடியோப் பெட்டி மாதிரி இருந்தது. முன்னால் துணி போர்த்திய ஸ்பீக்கர், மேலே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு. கிதார் வாசிக்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் சின்ன ஆம்ப்ளிஃபயர். யாரோ வேண்டாமென்று தள்ளியதை வாங்கி வந்திருக்கிறாள்.

"அப்பா, இது ட்யூப் ஆம்ப். சவுண்டு சரியில்ல. மாத்தித் தர்றீங்களா?"

ட்யூப் என்றால் எனக்குச் சைக்கிள் ட்யூபும் ட்யூப்லைட்டும்தான். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். வால்வு! பெரிதாக ஒன்று, சுண்டுவிரல் அளவில் ஒன்று. எங்கள் ஊர் போடியில் அதை வால்வு என்போம். உலகம் முழுவதும் கைவிட்ட சாமானை இந்தக் கிதார்க்காரர்கள் மட்டும் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் என்னைப் பெரிய எஞ்சினியர் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும். பெரிய கட்டடங்களின் உச்சியில், கிரீஸ் கையோடு, காற்றில் நடுங்கிக்கொண்டு நிற்பவன். ஆனால் மின்சாரம் ஓடுகிற எதையும் திறந்து பார்க்கப் பயமில்லை. "பண்ணித் தர்றேன்" என்றேன். கொஞ்சம் அவசரமாகவே சொன்னேன். அவள் மனம் மாறிவிடக் கூடாதே என்று.

"மார்கழிக்குள்ள வேணும்ப்பா. ஊருக்கு எடுத்துட்டுப் போகணும். அம்மாவுக்கு வாசிக்கப் போறேன்."

அவளுடைய அம்மா பேச்சி போன மார்கழியில் இறந்தாள். காலையில் துணி காயப் போட்டவள் கொடிக்குக் கீழேயே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இந்த மார்கழியில் வருசத் தெவசம். அதற்குத்தான் போடிக்குப் போகிறோம்.

நிவி இன்னும் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, தகனத்திலும் அழவில்லை. அஸ்தியோடு போடிக்குப் போனபோது சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு கதறினார்கள். இவள் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பதினேழு வயதுப் பிள்ளை இப்படி இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரிகிறது. என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

ஒருநாள் மின்சாரக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வீட்டு இணைப்பு பேச்சி பெயரில் இருந்தது. பேச்சியம்மாள் என்ற ஒற்றைப் பெயரை இந்த ஊர்ப் படிவங்கள் இரண்டாக வெட்டி, அம்மாள் என்பதைக் குடும்பப் பெயராக்கி வைத்திருந்தன. அவள் உயிரோடு இருந்தவரை "அன்புள்ள அம்மாள்" என்று தபால் வரும். படித்துவிட்டு, "இந்த ஊரு கம்பெனிக்காரய்ங்களுக்கு எம்மேல எம்புட்டு மரியாத பாத்தீங்களா?" என்பாள். அன்றைக்குப் பேசிய பெண், மிஸஸ் அம்மாளிடம்தான் பேச முடியும் என்றாள். போனை எடுத்தது நிவி.

"அவங்க இப்ப வீட்ல இல்ல. அப்புறமா கூப்பிடுங்க" என்று அமைதியாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தாள். நான் அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நின்றேன். தோசை கருகிவிட்டது.

2

இனி பேச்சியின் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பேச்சியின் குடும்பம் போடிதான். ஆனால் பிழைப்பு முழுக்க மேலே, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்தில். விடியற்காலம் ஜீப்பில் ஏறி மலைக்குப் போவதும் சாயங்காலம் இறங்குவதுமாகப் பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து காய் எடுத்தவள். சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும், சரிவு முழுக்கச் சிதறிக் கிடக்கிற பெண்களைக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். மழையிலும் மூட்டத்திலும் ஜீப்பின் ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாதாம். மனிதக் குரல்தான் திசை காட்டும் என்பாள். அந்த வேலை பேச்சிக்கு.

"வண்டீ... வந்தாச்சேய்ய்ய்!"

அடியில் ஆரம்பித்து, மேலே ஏறி, முடிகிற இடத்தில் கிழியும். அவளுக்குக் கட்டைக் குரல். இயல்பாகப் பேசும்போது லேசாக மூடின மாதிரி இருக்கும். ஓங்கிக் கூப்பிட்டால் நடுவில் பிசிறு அடிக்கும். கல்யாணமான புதிதில் தொண்டைக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து நான் கற்பூரவல்லி வாங்கி வந்தேன். அதைக் கிள்ளிப் பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள்.

வெலிங்டனிலும் அந்தக் கூப்பாட்டை அவள் விடவில்லை. நிவியை மாடியிலிருந்து சாப்பிடக் கூப்பிடும்போது அதே ராகம்தான். "நிவீ... சோறாச்சேய்ய்ய்!" பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து வாசலுக்கு வரும். நிவி அப்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, டெக்ஸ்ட் பண்ணுங்கம்மா" என்று கத்துவாள்.

அந்தக் கூப்பாட்டைத்தான் இப்போது கிதாரில் வாசிக்கப் போகிறாளாம். மூன்றே மூன்று ஸ்வரம். நடுவில் கம்பியை இழுத்துப் பிடித்துக் குரலை ஏற்றுகிறாள். முதல் தடவை கேட்டபோது நான் கராஜுக்குள் போய், தேட எதுவும் இல்லாவிட்டாலும் ஸ்பேனர் தேடினேன்.

ஆம்ப்ளிஃபயரில் ஒரே இரைச்சல். ஸ்விட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று அடிநாதம். திருகைக் கூட்டினால் கரகரப்பு. ஒரு மெக்கானிக்கின் காதில் விழுந்தது இவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினாலும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அதை முறையாக இறக்கிவிட்டுத்தான் கை வைத்தேன். வயசான ஃபில்டர் கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றினேன். வால்வுக்குப் போகும் ஹீட்டர் ஒயர்களைச் சடை பின்னுகிற மாதிரி முறுக்கி ஓரமாக ஒதுக்கினேன். இன்னும் சுத்தம் வேண்டும் என்று ஒரு ரெசிஸ்டரையும் மாற்றினேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முடித்துவிட்டு ஸ்விட்சைப் போட்டால், சாமான் ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது. அப்படி ஒரு நிசப்தம். கிதாரைத் தட்டினால் துலக்கிய எவர்சில்வர்த் தட்டு மாதிரி பளிச்சென்று சத்தம். எனக்கு ஒரே பெருமை.

நிவி வாசித்துப் பார்த்தாள். "நைஸ்ப்பா" என்றாள். வெலிங்டனில் யாராவது நைஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், வேலை சரியில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷம் இருந்தும் அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

3

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் காரில் கூட்டி வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் நிற்கும்போது சொன்னாள்.

"அப்பா, எனக்கு அம்மாவோட கம்மல் வேணும்ப்பா. அது இல்லாம அங்க போயி வாசிக்க முடியாது."

எட்டு மாதத்தில் அம்மாவுடையது என்று அவள் எதையும் கேட்டதில்லை. பீரோவைத் திறந்ததுகூட இல்லை.

"சரிம்மா" என்றேன்.

"முடியுமாப்பா?"

"ஏன் முடியாது? கேட்டா குடுப்பாங்க."

"யாரு குடுப்பாங்க?"

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இந்த ஊரில் ஹாரன் அடித்தால் கெட்ட வார்த்தை பேசின மாதிரி. பதறிக் காரை எடுத்ததில் பேச்சு அங்கேயே நின்றுபோனது.

பேச்சியின் கம்மல் சிவப்புக்கல் வைத்தது. அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டது. "எனக்கப்புறம் இது லட்சுமிக்குத்தான்" என்று பேச்சி பலமுறை சொல்லியிருக்கிறாள். லட்சுமி அவள் தங்கச்சி, ராசிங்காபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அதனால் அஸ்தியோடு போனபோது கம்மலை லட்சுமி கையில் கொடுத்தேன். அவள் அங்கேயே தன்னுடையதைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டாள்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியாதா? அதுவும் செத்தவள் நகையை, அவள் கூடப்பிறந்தவளிடம். ஆனால் நிவி கேட்டுவிட்டாள். போனைப் போட்டேன்.

"லட்சுமி, நிவி அந்தக் கம்மலைக் கேக்குது. தெவசத்தன்னைக்குப் போட்டுக்கணும்போல."

"பிள்ள கேட்டா குடுக்க மாட்டனா மாமா? அவ ஆத்தா சாமான்தான. வாங்க, தர்றேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

மறுநாளே மச்சானிடமிருந்து போன். மச்சான் தங்கராசு பேச்சிக்கு அண்ணன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் சத்தம் தெரியும்.

"மாப்ளே, மனசுல பட்டதச் சொல்லிர்றேன். எனக்கு ஒங்க மேல வருத்தம்தேன். அவ காதுல கெடந்தது இவ காதுக்கு வந்துச்சு. அதக் கழட்டுன்னா இவளுக்கு எப்பிடி இருக்கும்? தன்னோட பழசப் போட மனசில்லாம, காதுத் தொள தூந்துரக் கூடாதுன்னு வேப்பங்குச்சியச் சொருகிக்கிட்டுத் திரியுறா. கேட்டா ஒண்ணுமில்லண்ணேங்கிறா."

பிள்ளை கேட்டது என்று மறுபடியும் சொன்னேன். அவர் "செரி செரி" என்று வைத்துவிட்டார். மச்சான் என்னிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்காமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை நிவியோடு வீடியோவில் பேச லட்சுமி கூப்பிட்டாள்.

"சித்தி, காதுல என்ன குச்சி?"

"நீதான ஆத்தா கேட்ட? கழட்டித் தொடச்சு வச்சிட்டேன். வந்து வாங்கிக்க."

"நானா? என்ன கேட்டேன்?"

"ஒங்கம்மா கம்மல."

நிவி போனைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினாள். "அப்பா! நான் காதுல போடுற கம்மலயா கேட்டேன்? அம்மா தொண்டைல இருக்குமே, அந்தக் கம்மல்ப்பா!"

நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

பிறகுதான் கதை வெளியே வந்தது. நான் வேலைக்குப் போய்விடுவேன் என்பதால், டாக்டரிடம் போகும்போதெல்லாம் பேச்சிக்கு மொழிபெயர்ப்பாளர் நிவிதான். காய்ச்சலுக்குப் போனாலும் டாக்டர் குரலைக் கேட்டுவிட்டு, இந்தத் தொண்டைக் கட்டு எத்தனை நாளாக இருக்கிறது என்று விசாரிப்பாராம். ஒருநாள் பேச்சிக்கு அலுத்துப்போயிருக்கிறது. "இது பெறவிக் கம்மல்னு சொல்லுடி. காதுல கெடக்குற கம்மல் எங்காத்தா போட்டது. தொண்டையில கெடக்குற கம்மல் ஆண்டவன் போட்டது. ரெண்டையும் கழட்ட மாட்டேன்னு சொல்லு" என்றாளாம். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிவி சிரிக்க, பேச்சியும் சிரிக்க, டாக்டர் ஒன்றும் புரியாமல் இருமல் மருந்து எழுதிக் கொடுத்தாராம். நிவிக்குக் கம்மல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அம்மாவின் குரல்தான். நகைக்கு அவளிடம் இருப்பது 'இயர்ரிங்ஸ்' என்ற வார்த்தை.

லட்சுமி சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். "எங்கக்காவுக்குப் பெறவிக் கம்மல்தேன், நெசம்தேன்" என்றாள்.

"சித்தி, இப்பவே அதப் போடுங்க. நான் பாக்கணும்."

லட்சுமி போட்டு முடிக்கும்வரை நிவி போனை விடவில்லை. தங்கச்சியைப் பார்க்க வந்திருந்த மச்சானின் குரல் பின்னால் கேட்டது. "எங்க மாப்ள? அந்த ட்யூப்லைட்டு எரிஞ்சுருச்சான்னு கேளு!"

4

போனை வைத்ததும் நிவி பேச்சி அனுப்பிய பழைய குரல்செய்திகளைப் போட்டுக் காட்டினாள். 'வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க', 'குடை எடுத்தியாடி' என்று சாதாரணமான விஷயங்கள். கேட்கக் கேட்க எனக்கே ஏதோ குறைவதாகப் பட்டது. இரைச்சலை எல்லாம் வடிகட்டுகிற போன் அவள் குரலின் கம்மலையும் இரைச்சல் என்று நினைத்து எடுத்துவிட்டிருக்கிறது. யாரோ ஒரு நல்ல பெண்மணி பேசுகிற மாதிரி இருக்கிறது.

"போன் அம்மாவக் கழுவி வச்சிருச்சுப்பா. நீங்க ஆம்ப்பக் கழுவிட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

மறுபடியும் பெட்டியைப் பிரித்தேன். நான் கடைசியாக மாற்றியதாகச் சொன்னேனே, அந்த ரெசிஸ்டரில்தான் விஷயம் இருந்தது. ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்து, முன்வரிசை வால்வுக்கே தலைகீழாகக் கொண்டுவந்து விடுவார்கள். போன சத்தத்தில் பிசிறு இருந்தால், திரும்பி வருவது அந்தப் பிசிறைக் கழித்துவிடும். தான் பேசுவதைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்கிற ஏற்பாடு. நான் அந்த ரெசிஸ்டரைச் சிறியதாக்கித் திருத்தத்தை இன்னும் கூட்டியிருந்தேன். பிசிறு போனது. பேச்சியும் போய்விட்டாள்.

சால்டரிங் அயர்ன் சூடாகிற நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். வந்த புதிதில் கூட வேலை பார்ப்பவன் 'பின்' கேட்டான். கைப்பெட்டி முழுக்கத் தேடி ஒரு குண்டூசியைக் கொடுத்தேன். அவன் கேட்டது பேனா. இங்கே 'பென்'னைப் 'பின்' என்றுதான் சொல்வார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். அன்றிலிருந்து வாயைத் திறந்தால், போகிற வார்த்தையைப் பின்னாலேயே ஒரு காது கேட்டுத் திருத்துகிறது. இப்போது என் ஆங்கிலத்தில் பிழை அதிகம் இல்லை. நானும் அதில் அதிகம் இல்லை.

பேச்சி அந்தத் திருத்துகிற ஒயரையே மாட்டிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால், "அண்ணே, நிப்பாட்டுங்க!" என்று போடிமெட்டுக் குரலில் சத்தம் கொடுப்பாள். பஸ் நிற்கும். இறங்கும்போது அந்த வெள்ளைக்கார டிரைவர் அவளுக்குக் கை காட்டுவான். எனக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பேன்.

அந்த ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றினேன். நிவி தட்டினாள். பெட்டி கத்தியது. கம்மல் இல்லை அது, கூச்சல். "அம்மா இப்பிடிக் கத்த மாட்டாங்க" என்றாள். மாட்டினால் கழுவிவிடுகிறது, கழற்றினால் கத்துகிறது. ஆகவே அந்த இடத்தில் ஒரு திருகு வைத்துப் பின்பக்கம் துளை போட்டு வெளியே கொண்டுவந்தேன். எவ்வளவு திருத்தம் வேண்டும் என்று அவளே வைத்துக்கொள்ளலாம். அடிச்சத்தம் கூடிக் குழம்பியதால் நடுவில் ஒரு கெப்பாசிட்டரைச் சிறியதாக்கினேன். பல வாரம், வேலை முடிந்து வந்ததும் இதுதான் எங்கள் சோலி. அவள் தட்டுவாள், நான் திருகுவேன்.

"இல்லப்பா. அம்மா மெதுவா பேசினா இவ்வளவு இருக்காது. கூப்பிட்டாத்தான் கிழியும்."

சரிதான். கம்பியை மெல்லத் தொட்டால் லேசாக மூடியிருக்க வேண்டும், ஓங்கித் தட்டினால் மட்டும் பிளக்க வேண்டும். கை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு. வால்வுக்கு அந்தக் குணம் இயற்கையிலேயே இருக்கிறது. கிதார்க்காரர்கள் ஏன் இதை விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்று புரிந்தது. கார்த்திகை கடைசியில் பேச்சியின் குரலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். முழுக்க வரவில்லை. அவள் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது.

அந்த வாரங்களில் நிவி நிறையப் பேசினாள், சிரித்தாள். ஆனால் அம்மா இருந்தாங்க, போயிட்டாங்க என்று ஒரு வார்த்தை வரவில்லை. 'அம்மா இப்பிடிக் கூப்பிடுவாங்க' என்றே சொல்வாள், அடுத்த அறையில் இருக்கிறவளைச் சொல்வதைப் போல.

5

மதுரை ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வால்வைப் பார்த்த அதிகாரி, "பாட்டுப் பெட்டியா? இதயா அங்கருந்து தூக்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டார். எல்லோரும் அங்கிருந்து புதிய சாமானைக் கொண்டுவருகிறார்கள், நீ பழையதைக் கொண்டுவருகிறாயே என்ற பரிதாபம் அவர் முகத்தில் இருந்தது. வரி எதுவும் கேட்காமல் விட்டுவிட்டார். பிளக்கை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. வோல்டேஜ் இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போகிறார்கள்.

தெவசம் மச்சான் வீட்டில் நடந்தது. பேச்சிக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, மொச்சைப் பயறு, புதுச்சேலை எல்லாம் வைத்துப் படைத்தோம். லட்சுமி கம்மலோடு நின்றாள். சூடம் காட்டும்போது எல்லோரும் அழுதார்கள். நிவி தட்டைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். முடிந்ததும் மச்சானிடம் போய், "மாமா, அம்மா எங்க நின்னு கூப்பிடுவாங்களோ அங்க போகணும்" என்றாள்.

"சாயந்தரம் ஆளுகள எறக்கப் போகத்தான் போறேன். கொஞ்சம் வெரசா கெளம்புவோம். பொட்டிய ஏத்துங்க மாப்ளே."

ஜீப்பில் பெட்டியை லட்சுமி மடியில் வைத்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. மெட்டைத் தாண்டியதும் மூட்டம். தோட்டத்துக்குள் போனோம். காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் வண்டி திரும்புகிற மேடு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கீழே பார்த்தால் முழுக்க ஏலச்செடி, மேலே நிழல் மரங்கள். நடுநடுவே பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஆள் தெரியவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் பேச்சி இங்கே ஒரு நடை வந்து, விளையாட்டுக்கு ஒரு கூப்பாடு போட்டுவிட்டுத்தான் போவாள்.

சூப்பர்வைசர் மலையாளி. ஸ்டோரிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளக் கேட்டதற்கு, "செரி, பக்ஷே வேகம் தீர்க்கணும்" என்று சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பெட்டியை ஒரு சாக்குமேல் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். வால்வு எரிவதற்கே நேரம் எடுத்தது. எரிந்ததும் வழக்கமான வெளிச்சமில்லை, மங்கல். மலையில் கரண்ட் சோர்ந்துதான் வரும். பல்பைப் பார்த்தாலே தெரியும். இவ்வளவு பாடுபட்டுவிட்டு இங்கே வந்து கவிழ்ந்துவிட்டோமே என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நிவி ஒரு கம்பியை மெல்லத் தொட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

குறைந்த கரண்டில் வால்வு திணறுகிறது. திணறுவதால் சத்தம் சீக்கிரமே மூடிக்கொள்கிறது, சீக்கிரமே பிசிறுகிறது. அத்தனை வாரம் திருகித் திருகி எனக்கு எட்டாத அந்தக் கடைசி இடம் இங்கே தானாகக் கிடந்தது. வெலிங்டன் கரண்டில் பேச்சி எப்படிக் கிடைப்பாள்?

நிவி கூப்பிட்டாள். வாசித்தாள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அடியில் ஆரம்பித்து, ஏறி, முடிகிற இடத்தில் கிழிந்தது. சரிவில் இறங்கி, எதிர்ச் சரிவில் மோதித் திரும்பி வந்தது. லட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். நிவி இரண்டாவது தடவை இன்னும் ஓங்கிக் கூப்பிட்டாள்.

கீழே பேச்சுச் சத்தம் நின்றது. பிறகு செடிகள் அசைந்தன.

"அய்யய்யோ மாப்ளே" என்றார் மச்சான். "ஏறி வர்றாளுக!"

மூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். தலையில் மழைக்குக் கவிழ்த்த பிளாஸ்டிக் கொங்காடை, இடுப்பில் காய்ச்சாக்கு. வேலை விடுவதற்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. சூப்பர்வைசர் ஸ்டோரிலிருந்து ஓடி வந்தார். வாட்சைத் தட்டிக் காட்டி, "சமயம் ஆயில்லல்லோ! ஆரா விளிச்சது?" என்று சத்தம் போட்டார்.

முன்னால் வந்தவள் சின்னத்தாயி. பேச்சியோடு சேர்ந்து காய் எடுத்தவள். மூச்சு வாங்கிக்கொண்டு, "வண்டி வந்துருச்சுன்னு கூப்புட்டாக, வந்தோம். சும்மாவா வருவோம்?" என்றாள்.

"ஆரு கூப்பிட்டது?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆரு, நம்ம பேச்சிதேன்."

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒருத்திகூட அவளை மறுத்துப் பேசவில்லை. சின்னத்தாயி பெட்டியைப் பார்த்தாள், கிதாரைப் பார்த்தாள், பிறகு நிவியைப் பார்த்தாள். சாக்கை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் வாட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். "செரி. வந்நல்லோ. இனி போய்க்கோ" என்று நேரத்துக்கு முன்பே விட்டுவிட்டார்.

நிவி அவர்கள் வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் செடிகள் அசைந்து அடங்கின. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் வந்துட்டாங்கப்பா" என்றாள். உதடு கோணியது. "அம்மா மட்டும் வரல."

கிதாரைக் கழற்றக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அதோடே என் மேல் விழுந்து, அந்தச் சரிவு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். ஒரு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தேன். வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. சின்னத்தாயி எழுந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் பச்சை ஏலக்காயின் பிசின் பிசுபிசுத்தது.